அண்ணிக்குச் சொன்ன வண்டி

வாடிக்கையாளர் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "இந்த மாடலுக்கு இது நார்மல்தான் சார்" என்று சொல்வதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று பாப்பா சொல்வாள். பாப்பா என்பது வீட்டுப் பெயர். பிள்ளைகளில் கடைசி என்பதால் ஒட்டிக்கொண்டது, தலை பாதி நரைத்த பிறகும் உதிரவில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. விலை உயர்ந்த கார்களுக்கான சர்வீஸ் சென்டரில் அட்வைசர். அதாவது, காரின் சொந்தக்காரருக்கும் காருக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, இரு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்பவள்.

இடம் என்னவோ ஓட்டல் வரவேற்பறை மாதிரிதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் நுரை பொங்கக் காப்பி கொடுக்கும் இயந்திரம், உட்கார்ந்தால் எழ மனம் வராத சோபா, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப். தன் கார் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைச் சொந்தக்காரர் இங்கிருந்தே பார்க்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நிற்கும் உறவினரைப் போல அவர்கள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பார்கள். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாதவர்கள். அந்தப் பழக்கமின்மை முழுவதும் பாப்பாவின் மேசை மேல்தான் வந்து விழும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. காலையில் ரொட்டி கருகிவிட்டால் கணவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, இந்த மாடலுக்கு இது நார்மல்தானே?" என்பார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது தொழில் புத்தி.

இதையெல்லாம் அவள் சிரித்தே கடந்துவிடுவாள். அவளால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணிக்கு அவள் சொன்ன வண்டி.

அண்ணி மகப்பேறு மருத்துவர். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த முடிவும் அண்ணியின் வாயிலிருந்துதான் வரும். அப்பாவுக்கு எந்தக் கண் டாக்டர், பாப்பாவின் மகன் என்ன படிப்பது, சமையலறைச் சுவருக்கு என்ன நிறம், எல்லாமே. கெட்ட மனசு கிடையாது. கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். அடுத்தவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்பது அண்ணிக்கு எட்டாத சங்கதி. அண்ணன் ஓய்வுபெற்ற நூலகர். அவர் அபிப்பிராயம் வைத்துக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டார். கார் ஓட்டவும் தெரியாது. அண்ணி ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட அண்ணி ஒருநாள் பாப்பாவுக்குப் போன் செய்து, "நீ அந்த வண்டிங்களோடதானே கிடக்கறே. எனக்கு ஒண்ணு எடுக்கணும். வேகமா போகணும், சொன்ன பேச்சு கேக்கணும். எதுன்னு நீயே சொல்லு" என்றாள்.

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு மாடல் வந்திருந்தது. எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ. சர்வீஸுக்கு வந்த அந்த மாடல் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய ஃபோர்மேன் ஒருமுறை அவளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். காலி ரோட்டில் அவர் லேசாக மிதித்ததும் முதுகை யாரோ அன்பாகப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. வயிற்றுக்குள் ஒரு குதூகலம், பள்ளிக்கூட நாளில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வருமே, அது. அந்தக் குதூகலத்தை நம்பித்தான், "கண்ணை மூடிட்டு அதை எடுங்க அண்ணி" என்று சொன்னாள். அண்ணி எடுத்தாள். குடும்பத்தில் எல்லோரிடமும், "பாப்பா சொன்ன வண்டி" என்று சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே பாப்பா சில ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போனாள் என்றால் பொய்யில்லை.

இரண்டாம் வருஷத்திலிருந்து அந்த மாடல் வண்டிகள் ஒவ்வொன்றாக ஒர்க்‌ஷாப்புக்கு வர ஆரம்பித்தன.

டர்போ ஒன்றும் பெரிய மர்மமில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சின்ன விசிறி. அது காற்றை அமுக்கி மறுபடியும் எஞ்சினுக்குள் திணிக்கும், வண்டி பாயும். முன்பெல்லாம் அதை எஞ்சினுக்கு வெளியே, காற்றுப் படும்படி ஓரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இந்த மாடலில், மிதித்த மாத்திரத்தில் பாய வேண்டும் என்று, இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் இரண்டு டர்போவையும் செருகிவிட்டார்கள். இரண்டு அடுப்புக்கு நடுவில் ஃபிரிட்ஜை வைத்த மாதிரி. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விசிறியின் அச்சு மிதப்பது எண்ணெயில். எண்ணெய் கொண்டுவரும் குழாயும் அதே பள்ளத்துக்குள்தான் வளைந்து வருகிறது. வேகமாக வந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால், ஓட்டம் நின்ற எண்ணெய் அந்தச் சூட்டில் அப்படியே நின்று வேகும். அடுப்பில் மறந்துவிட்ட பால் பாத்திரம் போல அடியில் கரி கட்டும். கரி குழாயை அடைக்கும். எண்ணெய் கிடைக்காத டர்போ கொஞ்ச நாள் விசில் அடிக்கும், பிறகு நீலமாகப் புகை கக்கிவிட்டுப் போய்ச் சேரும்.

இது ஒர்க்‌ஷாப்பில் கார் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். இல்லாவிட்டால் அந்தக் குழாயை வேறு வழியாக வளைத்து, சத்தமே இல்லாமல் புது வடிவத்தில் அனுப்ப ஆரம்பித்திருக்க மாட்டார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "தொடர்ந்து மேம்படுத்துகிறோம்" என்பார்கள். வாடிக்கையாளரிடம் வடிவமைப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பது பாப்பாவுக்கு உத்தரவு. வண்டியை நிறுத்தியதும் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கச் சொல்லலாம். அதையும் ஒரு டிப்ஸ் மாதிரிதான் சொல்ல வேண்டும்.

அண்ணியிடம் அவள் சொல்லித்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது, பேச்சோடு பேச்சாக. அண்ணி "ம்" என்று சொல்லிவிட்டு சூப்புக்கு உப்புக் கேட்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"பாப்பா, உன் வண்டி என்னை நடு மேம்பாலத்துல நிறுத்திடுச்சு."

உன் வண்டி. 'நீ சொன்ன வண்டி' என்பதிலிருந்து 'உன் வண்டி' ஆவதற்கு ஒரு மேம்பாலம் போதுமானதாக இருந்தது.

"என்ன ஆச்சு அண்ணி? லைட் ஏதாவது எரிஞ்சுதா?"

"எல்லா லைட்டும் எரிஞ்சுது, கல்யாண வீடு மாதிரி. பின்னாடி ஒரே புகை. மிதிச்சா நகரவே மாட்டேங்குது. பின்னாடி வந்தவன்லாம் ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுட்டான்."

"ஐயோ. ஆஸ்பத்திரில கேஸ் இருந்துதா?"

"இருந்துது. மோட்டார் சைக்கிள்ல போன ஒருத்தனை நிறுத்தி ஏறிப் போனேன். நான் போறதுக்குள்ள நர்ஸ் குழந்தையைத் துடைச்சு அம்மா கையில குடுத்துட்டா. நான் வரலைன்னு அதுங்க யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியல. சரி, வண்டியை எடுத்துட்டுப் போ."

கொக்கி வண்டியில் ஏறி அண்ணியின் கார் வந்து இறங்கியபோது ஃபோர்மேன் உச்சுக் கொட்டினார். "ரெண்டு டர்போவும் போச்சுக்கா. வாரன்டி இருக்குல்ல, பயப்படாதீங்க. கம்பெனி இன்ஜினியர் நாளைக்கு இங்கதான் வர்றாரு. அவர் ஒரு வார்த்தை சொன்னா புதுசா மாட்டிடலாம்."

இன்ஜினியர் வந்தார். இளவயது, இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டை, பேச்சு தேன் மாதிரி. பாப்பா தானே காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். இதைச் சீக்கிரம் முடித்து அண்ணியிடம் சாவியை நீட்டிவிட வேண்டும், எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. வரும் வாடிக்கையாளரைப் பற்றி மெக்கானிக்கிடம் நாலு வார்த்தை நல்லவிதமாகச் சொல்லிவைத்தால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும் என்பது அட்வைசர்களின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் வாய் தானாக ஓடியது.

"எங்க அண்ணி சார் அது. டாக்டர். ஒரு நிமிஷம் உக்கார மாட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்தினதும் ஆஃப் பண்ணிட்டு ஓட்டம்தான். சில நாள் கதவைக்கூட செக்யூரிட்டிதான் வந்து சாத்துவாராம். அவ்வளவு பிஸி. கொஞ்சம் முன்னாடி போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அப்படியா? ஹைவேல இருந்து நேரா வந்து உடனே ஆஃப் பண்ணிடுவாங்களா?"

"உடனேதான் சார். பிரசவம் காத்திருக்குமா?"

"கரெக்ட், கரெக்ட்" என்று இன்ஜினியர் சிரித்தார். சிரித்துக்கொண்டே லேப்டாப்பில் ஏதோ தட்டினார்.

மறுநாள் பதில் வந்துவிட்டது. எஞ்சினில் குறை ஏதும் இல்லை. வாடிக்கையாளர் ஓட்டும் முறையால் ஏற்பட்ட பாதிப்பு. வாரன்டி பொருந்தாது.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே அவள் மேசைக்கு வந்தார். "என்னக்கா இது, பொசுக்குன்னு எல்லாத்தையும் அவர்கிட்ட கொட்டிட்டீங்க? நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா அவரு எதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவாரு?"

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

"தினம் கஸ்டமர் உளறினா அதை எப்படி அமுக்கலாம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே நீங்கதான். சொந்த அண்ணி கேஸ்ல நீங்களே கஸ்டமர் ஆயிட்டீங்க."

பாப்பாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். அந்தப் பள்ளத்துக்குள் டர்போவைச் செருகிய, முகமே தெரியாத ஆள் மேல். தேன் பேச்சுக்காரன் மேல். உப்புக் கேட்ட அண்ணி மேல். எல்லாவற்றையும்விடத் தன் வாய் மேல்.

அன்று சாயங்காலம் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதல்முறையாகக் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள்.

"என்ன சொல்றது? ஓட்டற விதம் சரியில்லைன்னு உங்க அண்ணிகிட்ட யார் சொல்லப்போறா? அதை நான் டிக்கெட் வாங்கிட்டுப் பார்க்கத் தயார்."

அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "அவகிட்ட நீயே சொல்லிடும்மா. நான் இந்த ஊர்லயே இல்லைன்னு வச்சுக்கோ" என்றார். பின்னணியில் அண்ணியின் குரல் கேட்டது.

அண்ணி மறுநாள் மதியம் நேராக வந்துவிட்டாள். மேனேஜர் தன் அறைக்கு அழைத்தும் போகவில்லை. பாப்பாவின் மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அண்ணி எதிரே இருக்க, பாப்பா மேசைக்கு உள்பக்கம் இருந்தது அன்றுதான். மேனேஜர் நகராமல் பாப்பாவின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

பாப்பா கம்பெனி சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். ஓட்டும் முறை என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டினாள். அண்ணி அசையாமல் கேட்டாள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் கணவன் பேசுவதைக் கேட்கும் முகம்.

"வண்டி விக்கும்போது இதை யாராவது எனக்குச் சொன்னாங்களா?"

"இல்ல அண்ணி."

"நீ?"

"எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சப்புறம் சொன்னேன். நீங்க உப்புக் கேட்டீங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அண்ணி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"சரி. இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு ஆகியிருக்கு?"

"மேடம், மத்த கஸ்டமர்ஸ் விவரம் நாங்க வெளியில சொல்றதில்ல" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நான் இவளைக் கேட்டேன்."

அட்வைசர் சொல்ல வேண்டியது என்ன என்று பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் வேலை தப்பும், அண்ணி எழுந்து போவாள், இனி எந்த ஜன்மத்திலும் அவளிடம் ஒரு ஸ்பூன் வாங்குவது பற்றிக்கூடக் கேட்க மாட்டாள். அவள் கண்ணாடிச் சுவரைக் காட்டினாள்.

"அங்க பாருங்க. ஓரமா வாயைத் திறந்துட்டு நிக்குதே, கறுப்பு, வெள்ளை, அந்தப் பக்கம் நீலம். எல்லாம் உங்க மாடல்தான். எல்லாத்துக்கும் அதே பள்ளம், அதே குழாய். இப்ப புதுக் குழாய் வந்திருக்கு. பழசுல கோளாறு இல்லைன்னா புதுசு எதுக்கு? இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க வந்ததும் ஆஃப் பண்ணிடுவீங்கன்னு அந்த இன்ஜினியர்கிட்ட சொன்னது நான்தான். சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாருன்னு நினைச்சு உளறிட்டேன்."

பின்னால் நின்ற மேனேஜரின் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது.

அண்ணி கொஞ்ச நேரம் அந்தக் கார்களையே பார்த்தாள். பிறகு, "உண்மையைத்தானே சொன்னே? அப்படித்தான் நிறுத்தறேன். இனியும் அப்படித்தான் நிறுத்துவேன். உள்ள ஒருத்தி உயிர் போற மாதிரி கத்திட்டு இருப்பா. இந்த மகாராஜாவுக்குச் சூடு தணியட்டும்னு நான் வெளியில பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கவா?" என்றாள். அப்புறம்தான் மேனேஜரை நிமிர்ந்து பார்த்தாள். "அவசரமா போறவங்களுக்காகத்தானே சார் இவ்வளவு வேகமா செஞ்சிருக்கீங்க? போன இடத்துல அவசரமா இறங்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?"

மேனேஜர் சொல்ல வாயெடுத்த பதில், சோபாவில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று சொந்தக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து வந்ததில் காணாமல் போனது.

இழுத்தடித்து, போன் மேல் போன் போட்டு, கடைசியில் கம்பெனி, 'நல்லெண்ண அடிப்படையில்' இரண்டு டர்போவும் புதுக் குழாயும் போட்டுக்கொடுத்தது. குறை இருந்தது என்று மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜர் பாப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. எரிந்து விழும் வாடிக்கையாளர்களை மட்டும் பொறுக்கி அவளிடமே அனுப்ப ஆரம்பித்தார்.

கார் திரும்பிப் போனது. ஆனால் 'பாப்பா சொன்ன வண்டி' என்ற பேச்சு திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு குட்டிக் கார் நின்றது. டர்போவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"ஆஸ்பத்திரி டிரைவர் வச்சிருக்கான். நல்லா இருக்குன்னான், எடுத்துட்டேன்" என்றாள் அண்ணி.

டிரைவரைக் கேட்டிருக்கிறாள். பாப்பா ஆம்லெட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள்.

"மூஞ்சியைத் தூக்காதே. பெரிய வண்டியை வித்துடப் போறேன். எங்க குழந்தை டாக்டர் ஒருத்தர் ரொம்ப ஆசைப்படறார். உள் விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொன்னா வாங்கிக்கறேன்னார். உன் நம்பர் குடுத்திருக்கேன். கூப்பிடுவார், உனக்குத் தோணினதைச் சொல்லு."

சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். பாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். வண்டி எப்படி என்று அவர் கேட்டார். பாப்பா பள்ளத்திலிருந்து ஆரம்பித்தாள். எண்ணெய், கரி, விசில், புகை. புதுக் குழாய் நல்லதுதான், ஆனால் சூடு அதே சூடு, எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணி முதலில் புருவத்தை உயர்த்தினாள், பிறகு கையால் போதும் போதும் என்று காட்டினாள், கடைசியில் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். பாப்பா நிறுத்தவில்லை. குழந்தை டாக்டர் மிகுந்த நன்றியோடு, தான் பழைய வண்டியிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதா உனக்கு?" அண்ணி தட்டுகளை 'டங்' என்று அடுக்கினாள். "அந்தாளு வாங்கியிருப்பான்!"

"தோணினதைச் சொல்லுன்னீங்க."

"அதுக்காக! எஞ்சினை மேசை மேல கழட்டிப் போட்டுக் காட்டுவியா?"

"நாளைக்கு அவர் மேம்பாலத்துல நின்னா யாருக்குப் போன் பண்ணுவார்? எனக்குத்தானே அண்ணி?"

அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளம்பும்போது வாசல் வரை வரவும் இல்லை. பாப்பா பஸ் ஏறினாள். வழி நெடுக மிதிபட்ட கால்விரல் வலித்தது. இனி அந்த வீட்டில் கார் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று வைராக்கியம் செய்துகொண்டாள். வண்டி விற்காமல் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. அண்ணன் சில நாள் அதற்குள் போய் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகக் கேள்வி. ஓடாத வண்டியில் அவருக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு ஒரு காலையில், டயர் தேய்ந்ததற்குச் சாலையைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பாப்பா சமாளித்து அனுப்பிய கையோடு, அண்ணன் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார்.

"பாப்பா, உங்க அண்ணியோட தங்கை கார் எடுக்கப் போறாளாம். உனக்குப் போன் பண்ணுவா."

"என்னை ஏன் கேக்கணும்? ஆஸ்பத்திரி டிரைவரைக் கேக்கச் சொல்லுங்க."

"உங்க அண்ணிதான் உன்னைக் கேக்கச் சொன்னா. என் காதாலயே கேட்டேன். 'பாப்பாவைக் கேளு. அவ நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாதே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா இல்லைன்னு சொன்னா மட்டும் அந்தப் பக்கமே போகாதே'ன்னு சொன்னா."

"இது ஒரு மரியாதையாண்ணா?"

"அவ வாயில இருந்து இவ்வளவு வந்ததே பெரிசு. எனக்கு இந்த அளவுகூட வந்ததில்லை, தெரியுமா?"

பாப்பா போனை வைத்தாள். கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்ததில் முகம் என்னவோ ஆகியிருக்க வேண்டும். எதிரே வந்து நின்ற வாடிக்கையாளர் நாற்காலியை இழுக்காமல், "நான் வேணா அப்புறம் வரட்டுமா மேடம்?" என்றார்.

"இல்ல சார், உக்காருங்க" என்றாள் பாப்பா. "எந்த மாடல்?"